வெறும் வயிற்றில் ஒரு கைப் பொங்கல்

போன பங்குனியில் ஒரு நாள் எங்கள் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். காலேஜில் படிக்கிற பெண் ஒன்று, பலகை மாதிரி பெரிய போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"ஆன்ட்டி, இங்க பாக்குற வைத்தியம் உங்களுக்குத் திருப்தியா?"

"திருப்திம்மா."

"ரொம்பத் திருப்தியா, ஓரளவு திருப்தியா?"

"ரொம்பன்னே போட்டுக்கோ."

"எதனாலன்னு சொல்ல முடியுமா?"

சொல்ல ஆரம்பித்தேன். பொங்கலில் இருந்து ஆரம்பித்தேன். அந்தப் பெண் போனைத் தடவித் தடவிப் பார்த்தது. அதில் பொங்கலுக்கு இடம் இல்லை போலிருக்கிறது. "டாக்டர் நல்லாப் பேசுறாங்கன்னு போட்டுக்கட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்டது. சரி என்று சொல்லிவிட்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் நடந்தது அந்த ஒரு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை. நான் எட்டாவதோடு நின்றவள். தெரிந்த அளவுக்கு எழுதிப் பார்க்கிறேன்.

என் வீட்டுக்காரர் தையல்காரர். தி. நகரில் பெரிய ஜவுளிக் கடைகளுக்கு நடுவே ஒரு மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டிருந்தார். கடையில் புடவை எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நின்ற இடத்திலேயே ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பார். காபி குடித்துவிட்டு வருவதற்குள் புடவை தயாராக இருக்கும். அவருக்குச் சர்க்கரை வந்து நாளாகிறது. அதன் கூடவே இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. முதலில் ஊசியில் நூல் கோக்க மட்டும் பக்கத்துப் பூக்காரம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு நாள், மயில்பச்சைப் புடவைக்கு நீல ஃபால்ஸை வைத்து அடித்துவிட்டார்.

"அந்தம்மா திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல," என்றார் வீட்டுக்கு வந்து. "பாவம், வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போச்சு."

மறுநாள் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கூடத்து மூலையில் வைத்து, பழைய போர்வையைப் போட்டு மூடினார்.  உழைத்த மனுஷன் மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வீடு வீடாகவா இருக்கும்?

கண்ணாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துவிடலாம், கண் பழையபடி தெரியும் என்றார்கள். ஆனால் சர்க்கரை இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் கத்தி வைத்தால் புண் ஆறாதாம். "உங்க பக்கத்துல இருக்கிற கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில பாத்து, இறங்குனதும் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரி மந்தைவெளி ஸ்டேஷனைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது. காலையிலேயே டோக்கன் வாங்கிவிட வேண்டும். முதலில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். அப்புறம் கொண்டுபோன டிபனை வராந்தாவிலேயே சாப்பிட்டுவிட்டு, காத்திருந்து மறுபடியும் ரத்தம் கொடுக்க வேண்டும். அதனால் காலை வேளையில் அந்த வராந்தா கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருக்கும். இட்லி டப்பா, உப்புமா டப்பா, யார் வீட்டுச் சட்னியில் காரம் தூக்கல் என்கிற பேச்சு. ஃபேன் ஒன்று ஓடும், ஒன்று ஓடாது. சில நாள் மருந்து கொடுக்கிற ஜன்னலில் கூட்டம் நெரியும். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அங்கே யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் நான் சர்க்கரை டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டேன். காலையில் கேழ்வரகு, ராத்திரி கோதுமை ரவை. என்ன செய்தும் வெறும் வயிற்று ரத்தத்தில் சர்க்கரை இறங்கவில்லை. டாக்டரம்மா சின்ன வயசு. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "என்ன ஐயா, மாத்திரை ஒழுங்காப் போடுறீங்கல்ல?" என்று கேட்டு, மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார். அடுத்த தடவையும் அதே கதைதான். இதற்கிடையில் மத்தியானம் ஆனால் அவருக்குக் குப்பென்று வேர்க்கும், கை நடுங்கும். அது வேறு எனக்குப் பயம்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "டீக்கடையாண்ட போய்க்கினு வர்றப்போ பஜ்ஜி, பன்னு எதனா துன்றியா? உண்மைய சொல்லு," என்று கேட்டேன்.

"கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணட்டாமே? டீயே சக்கர இல்லாமத்தான் குடிக்கிறேன்."

"பின்ன சக்கர எங்கருந்து ஏறுது, காத்துலருந்தா?"

"எனக்கு இன்னா தெரியும்? அந்தப் பெருமாளத்தான் கேக்கணும்."

பெருமாளைக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் தெருமுனையில் சின்னப் பெருமாள் கோயில் ஒன்று உண்டு. மழையோ வெயிலோ, விடிவதற்குள் இவர் குளித்து நாமம் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்றுவிடுவார். கல்யாணம் ஆன நாளில் இருந்து பார்க்கிறேன், ஒரு நாள் தவறியதில்லை. காலைப் பூஜை முடிந்ததும் பட்டர் தீர்த்தம் கொடுப்பார், சடாரி வைப்பார், கையில் பிரசாதம் வைப்பார். ஒரு நாள் சர்க்கரைப் பொங்கல், ஒரு நாள் கேசரி, சில நாள் புளியோதரை. மார்கழி முழுக்கப் பொங்கல்தான். வாங்கியதை அங்கேயே கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வார். தொன்னை நிறையக் கிடைத்த நாளில் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார், நான் பங்கு போட்டுத் தருவேன். ரத்தம் கொடுக்கிற நாளில் கோயிலில் இருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். நான் முன்னாலேயே போய் டோக்கனோடும் இட்லி டப்பாவோடும் உட்கார்ந்திருப்பேன்.

"ஒன்னும் சாப்புடலயே?" என்று கேட்பேன்.

"தீர்த்தம் தவிர பச்சத்தண்ணிகூடப் பல்லுல படல," என்பார்.

பொய் சொன்னார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் பிரசாதம் வாங்குவது எனக்கும் தெரியும். அது சாப்பாடு என்று எனக்கும் தோன்றவில்லை. பிரசாதத்தை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா? ஏகாதசிக்குப் பட்டினி கிடக்கிறவர்கள்கூட ஒரு துளசி இலையைப் போட்டுக்கொள்வதில்லையா? எங்களுக்கு வெறும் வயிறு என்றால் வீட்டு அடுப்பில் இருந்து எதுவும் உள்ளே போகவில்லை என்றுதான் அர்த்தம்.

மார்கழியில் ஒரு நாள் நல்ல மழை. கோயிலில் ஆளே இல்லை. பட்டர் வாரி வாரிக் கொடுத்திருக்கிறார். இவர் தன் பங்கை முடித்துக்கொண்டு, தொன்னை நிறையப் பொங்கலை ஆஸ்பத்திரிக்கும் எடுத்து வந்துவிட்டார். ரத்தம் எடுக்கிற சிஸ்டர்மேல் அவருக்குத் தனிப் பிரியம். ஊசி குத்துவதே தெரியாது என்று எல்லாரிடமும் சொல்வார். எங்கள் முறை வந்து உள்ளே போனோம். சிஸ்டர் அவர் வலது கையில் ரப்பரைக் கட்டினார். பிரசாதத்தை இடது கையால் கொடுக்க மனசில்லாமல் இவர் என்னைப் பார்த்தார். தொன்னையை நான்தான் வாங்கி நீட்டினேன்.

"பெருமாள் கோயில் பொங்கல் சிஸ்டர். இன்னும் சூடாத்தான் கீது," என்றார் இவர்.

சிஸ்டர் கழுத்தில் சிலுவை போட்டிருப்பவர். இரண்டு கையாலும் வாங்கி, மேஜைமேல் பத்திரமாக வைத்தார். "நெய் வாசம் தூக்குதே. நீங்க எடுத்துக்கிட்டீங்களா ஐயா?"

"நமக்கு அங்கியே ஆச்சு."

சிஸ்டர் ஊசியைக் கீழே வைத்தார். "இன்னைக்கா?"

"தெனமும்தான். இன்னா சிஸ்டர் இப்படிக் கேக்குற?"

"ரத்தம் குடுக்கிற அன்னைக்கும்?"

"சாமி பிரசாதத்த வேணான்னு சொல்ல முடியுமா?"

"அதுவும் சாப்பாடுதான ஐயா," என்றார் சிஸ்டர். கட்டின ரப்பரை மெதுவாக அவிழ்த்துவிட்டார்.  ஆபரேஷன் தள்ளிப்போனது எதனால் என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. இவருக்கு மட்டும் புரியவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"இன்னா சிஸ்டர், பிரசாதத்தப் போயி சோறுன்றியே. சாமி குடுக்கிறது உடம்ப ஒன்னும் பண்ணாது."

"சாமி ஒன்னும் பண்ணல ஐயா," என்றார் சிஸ்டர். "வெல்லமும் நெய்யும்தான் பண்ணுது."

டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். திட்டு விழப்போகிறது என்று நான் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். அப்புறம் மத்தியானம் வேர்க்கிறது என்று போன தடவை நான் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி விசாரித்தார். முகம் மாறிவிட்டது.

"தப்பு எங்க மேலயும் இருக்கும்மா. சாப்பிட்டீங்களான்னுதான் கேட்டோம். பிரசாதம் எடுத்துக்கிட்டீங்களான்னு கேக்கணும்னு எங்களுக்குத் தோணல. இல்லாத சர்க்கரைக்கு மாத்திரையைக் கூட்டிட்டேன் போல. அதான் மத்தியானம் கை நடுங்குது. இன்னைக்கே குறைச்சிடறேன்."

ஒரு டாக்டர் எங்களைப் பார்த்து இப்படிச் சொல்வார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அதோடு கோயிலை விடு என்றும் சொல்லவில்லை. "ரத்தம் குடுக்கிற அன்னைக்கு மட்டும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு, அம்மா கையில குடுத்துடுங்க. மத்த நாள்ல விரல் நுனி அளவு போதும். பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்," என்றார்.

இவர் யோசித்தார். "என் பங்க இவ சாப்புட்டா பரவால்லயா?"

"வீட்டுக்குள்ளதான ஐயா போகுது," என்றார் சிஸ்டர்.

நாங்கள் வெளியே வரும்போது சிஸ்டர் வாசலில் நின்று எல்லாரையும் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். "சாப்பாடு, டீ, காபி, பிரசாதம், வாய்க்குள்ள எது போயிருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க."

 ஒரு கிழவர், "டீகூடவா சாப்பாடு?" என்றார். பழனிக்குப் போய்வந்த அம்மா ஒருத்தி, "பஞ்சாமிர்தம், ஒரு ஸ்பூன்தான்," என்றாள். மீன் விற்கிற அம்மா, "எனக்கு வெத்தல பாக்கு இல்லாம வண்டி ஓடாது சிஸ்டரு, அதுவும் கணக்கா?" என்று கேட்டாள். "வண்டிய நாளைக்கு ஓட்டிக்க, இன்னிக்கு எறங்கு," என்று யாரோ பின்னால் இருந்து சொல்ல, வராந்தாவே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். தான் மட்டும் இல்லை என்று தெரிந்ததும் அவருக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

தை பிறந்து மறுபடியும் ரத்தம் கொடுக்கிற நாள் வந்தது. அன்றைக்கு நானும் கோயிலுக்குப் போனேன். பட்டர் கையில் பொங்கலை வைத்தார். இவர் கண்ணில் ஒற்றினார். அப்புறம் அப்படியே நின்றார். எத்தனையோ வருஷப் பழக்கம், கை தானாக வாய்க்குப் போகிறது. பாதி வழியில் நிறுத்தி, பெருமாளைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு என் கையில் வைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பொங்கலின் ருசி எனக்குத் தெரியவே இல்லை.

"சாமியாண்ட இன்னா சொன்னே?" என்று வழியில் கேட்டேன்.

"கண்ணு தெரிஞ்சதும் வந்து வாங்கிக்கிறேன், கடன் வையின்னேன்."

சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டரம்மா சீட்டை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். சிஸ்டர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "என்ன ஐயா, பெருமாளும் நாங்களும் ஒத்துப்போயிட்டோமா?" என்று கேட்டார். மாசியில் முதல் கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சினிமா வில்லன் மாதிரி வீட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இனி வேண்டாம் என்று கண்ணாஸ்பத்திரியில் சொன்ன அன்றைக்கு, யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய் மெஷின்மேல் இருந்த போர்வையை எடுத்து மடித்து வைத்தார். நூலை நாக்கில் நனைத்தார். ஒரே தரத்தில் ஊசிக் காதுக்குள் போய்விட்டது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.  நான் சமையலறைக்குப் போய் விளக்கேற்றிக் கும்பிட்டேன்.

அந்தக் காலேஜ் பெண் வந்து திருப்தியா என்று கேட்டது, இதெல்லாம் முடிந்து, இன்னொரு கண்ணுக்காக மறுபடியும் ரத்தம் கொடுக்கப் போயிருந்த நாளில். கோயிலில் அன்றைக்கு விசேஷம். பட்டர் தொன்னை நிறையக் கொடுத்திருந்தார். தொன்னை என் மடியில் இருந்தது. இரண்டாவது ரத்தமும் கொடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தார். சிஸ்டர் பின்னாலேயே வந்து, "இப்ப விரல் நுனி அளவு எடுத்துக்கங்க ஐயா," என்று உத்தரவு கொடுத்துவிட்டுப் போனார்.

இவர் தொன்னையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இன்னாமே, இதுல இத்தினி முந்திரி கீது."

"எப்பவும் போடறதுதான்."

"எப்பவுமேவா? கண்ணு தெரியாதப்போ வீட்டுக்கு எடுத்தாந்து உன் கையில குடுப்பனே, திருப்பித் தர்றப்போ எனக்கு ஒரு முந்திரிகூட ஆப்டலயே."

நான் அந்தப் பக்கம் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"உனக்குச் சக்கர இல்ல? முந்திரி ஆவாதுன்னுதான் எடுத்தேன்," என்றேன்.

"டாக்டரம்மா சொல்ச்சா?"

"டாக்டரம்மா எதுக்கு? நானே சொன்னேன்."

தன் விரல் நுனி அளவுப் பொங்கலில் பெரிய முந்திரியாகப் பார்த்து ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். மிச்சத்தை என்னிடம் நீட்டினார். நான் அதை எடுத்துக்கொண்டுபோய் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.