பூஜ்ஜியம் குழந்தைகளுக்கு ஒரு தொட்டில்

தொண்ணூறுகளின் இறுதியில் மைசூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான் திட்ட மேலாளராக இருந்தேன். ஒரு காலை, விருந்தினர் விடுதி நடத்திய கோபால்சாமி கோபத்துடன் என் அறைக்குள் நுழைந்தார். யோகா பயில வந்திருந்த ஜெர்மானியப் பெண்மணி ஒருவர் அவர் பின்னால் நின்றார்.

"தொட்டில் கட்டி வச்சேன் சார்! பசும்பாலுக்குச் சொல்லி வச்சேன். இவா ஒண்டியா வந்து இறங்கறா. கொழந்தை எங்கேன்னா, இல்லவே இல்லைங்கறா!"

அப்பெண்மணி ஆங்கிலத்தில் அமைதியாக விளக்கினார். விடுதியில் அறை பதிவு செய்ய நாங்கள் செய்துகொடுத்திருந்த வலைப் படிவத்தில் குழந்தைகளின் எண்ணிக்கைக்குப் பூஜ்ஜியம் என்று குறித்தாராம். 'குழந்தையின் பெயரை நிரப்பவும்' என்று சிவப்பில் வந்ததாம். நிரப்புவதற்கோ பெட்டியே இல்லை. அலுத்துப்போய் ஒன்று என்று மாற்றினார். ஒரு பெட்டி தோன்றியது. அதில் தம் பூனையின் பெயரை எழுதிவிட்டார்.

"பூனைக்கா தொட்டில் கட்டினேன்?" என்று கோபால்சாமி என் பக்கம் திரும்பினார். "சீசன்ல ஒரு புக்கிங் இல்லையேன்னு முழிச்சிண்டிருந்தேன், இதான் சங்கதி. பண்ணினவா யாரோ, அவா இனிமே என் வேலையைத் தொடப்படாது. இல்லேன்னா வேலையைப் பெங்களூர்க் கம்பெனிக்குக் கொடுத்துடறேன்."

பண்ணியவர் கொள்ளேகாலத்துச் சாவித்திரி. பயிற்சிக்காலம் முடிந்து அவரை நிரந்தரமாக்கும் ஆணை, என் கையொப்பத்துக்காக அன்று மேசையில் இருந்தது.

இளைஞர்களுக்கு ஒரு விளக்கம். அப்படிவத்தின் கேள்விகள் பக்கத்தில் எழுதப்பட்டவை அல்ல. அவை டேட்டாபேஸில் இருந்தன. பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் அவற்றைப் படித்துப் படிவத்தை உருவாக்கும். ஆகவே விடுதிக்காரரே கேள்விகளைச் சேர்க்கலாம். வருபவரிடம் குடும்பத்தை விசாரிப்பது கோபால்சாமிக்கு மரியாதை. கணவர் பெயரை மட்டும் நிரப்பாமலும் விடலாம் என்று வைத்திருந்தார். குழந்தைகளைப் பற்றிய அனைத்தையும் 'கட்டாயம்' ஆக்கியிருந்தார். சோதனை முறைப்படியே நடந்தது. ஆனால் அலுவலகத்தில் அனைவரும் தத்தம் பிள்ளைகளின் பெயர்களையே நிரப்பினோம். மணமாகாத சாவித்திரி அக்காள் பிள்ளைகளின் பெயர்களை நிரப்பினார். பூஜ்ஜியம் என்று எவரும் குறிக்கவில்லை.

அழைத்ததும் சாவித்திரி வந்தார். திரையைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டார்.

"பெட்டியை எண்ணிப் போடறது ஒரு எடமுங்க சார், சரிபார்க்கறது வேற எடமுங்க. பெட்டி வந்துச்சா இல்லையான்னு சரிபார்க்கற எடத்துக்குத் தெரியலீங்க."

"அமருங்கள்," என்று கோபால்சாமியிடம் சொன்னேன். "இவரே திருத்துவார். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்."

படிவத்தில் பெட்டிகளை வரையும் பட்டியலையே சரிபார்ப்பும் பயன்படுத்தும்படி சாவித்திரி ஸ்கிரிப்டை மாற்றினார். காபி வந்து ஆறியது.

"அப்போ கொழந்தைகளைப் பத்தி நான் கேக்கப்படாதா?" என்றார் கோபால்சாமி.

"தாராளமா கேளுங்க. இல்லைன்னு சொன்னா உட்டுரணுமுங்க."

ஜெர்மானியப் பெண்மணி பூஜ்ஜியம் என்று தட்டினார். 'தங்கள் வருகைக்குக் காத்திருக்கிறோம்' என்று திரை பணிவுடன் சொன்னது. அவர் கைதட்டினார்.

கோபால்சாமி திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். "அந்தப் பாலை என்ன பண்றது?"

நான் ஆங்கிலத்தில் கேட்டதும், தாமே குடித்துக்கொள்வதாக அப்பெண்மணி சொன்னார். கோபால்சாமி சிரித்துவிட்டார். "இந்தப் பொண்ணையே வச்சுக்கோங்கோ சார். வேற யாரும் வேண்டாம்."

அவர் எழுவதற்குள் நான் சாவித்திரியின் ஆணையில் கையொப்பமிட்டேன்.

காட்டாத பெட்டிக்கு விடை கேட்காதீர்கள். படிவத்தைச் சோதிக்கும்போது, உங்களைப் போல் வாழாத ஒருவராகவும் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.