வேவா கூப்பிடாத திங்கட்கிழமை

கரீபியக் கடலின் வியேகெஸ் தீவில் ஏழு வீடுகளுக்குச் சேவல் தேவையில்லை. திங்கள், புதன், வெள்ளி என்றால் காலை நாலரை மணிக்கு வேவாவின் போன் வந்துவிடும். முழுப்பெயர் ஹெனோவேவா. ஆஸ்பத்திரிச் சீட்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயருக்கு வேலையில்லை. வயது அறுபத்தொன்று, ஆள் குள்ளம், குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும்.

அவளுக்கும் அந்த ஏழு பேருக்கும் சிறுநீரகம் கைவிட்டுப் பல வருடம் ஆகிறது. பெரும்புயல் போனபோது தீவிலிருந்த டயாலிசிஸ் வார்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து எட்டுப் பேரும் வாரத்துக்கு மூன்று நாள் சின்ன விமானத்தில் கடலைத் தாண்டி, பெரிய தீவில் இறங்கி, வேனில் முக்கால் மணி நேரம் போய், இயந்திரத்தோடு நாலு மணி நேரம் கட்டுண்டு கிடந்து, பிழிந்து போட்ட துணியாக வீடு திரும்புகிறார்கள். "கோடீஸ்வரன்கூட வாரத்துக்கு ஆறு தடவ பறக்க மாட்டான், நம்மளப் பாரு" என்பாள் வேவா. யாரும் சிரிக்காவிட்டால் அவளே சிரித்துக்கொள்வாள்.

ஒரு நாள் தவறவிட்டால் உடம்பில் தண்ணீர் ஏறும். அதற்கு மேல் இதயம் எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டுப் பேருக்கும் இது தெரியும். தெரிந்தும் சில காலைகளில் எழுந்திருக்க மனசு வராது. வெளியே தீவின் கட்டவிழ்ந்த குதிரைகள் மட்டும் திரியும் அந்த இருட்டில், இன்னொரு ஊசி, இன்னொரு நாலு மணி நேரம் என்று நினைத்தாலே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கத் தோன்றும். அந்த நேரத்துக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரை ஒன்றும் கிடையாது. வேவாவின் போன்தான் உண்டு.

ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுவாள். மிக்தாலியாவுக்கு முப்பத்துநாலு வயது, திட்டினால்தான் எழுவாள். "அடியே, உன்னப் பெத்தவ உனக்காக மெழுகுவத்தி ஏத்தி ஏத்திக் கோயிலையே கொளுத்திடப் போறா, எழுந்திரு!" கண் தெரியாத வாத்தியார் ஒருவருக்கு ஊர்வம்பு வேண்டும். பாதியில் நிறுத்தி, "மிச்சத்த ப்ளேன்ல சொல்றேன்" என்று வைத்துவிடுவாள். மனிதர் மிச்சக் கதைக்காகவே வந்துசேருவார். அன்செல்மோவுக்கு மட்டும் ஒரே ஒரு வார்த்தை.

"வர்றியா?"

"வர்றேன்."

அவ்வளவுதான். முப்பது வருடம் படகுத் துறையில் கயிறு கட்டிய மனிதர் அன்செல்மோ. இழுத்த இழுப்புக்குக் கயிறுதான் வரவேண்டும், அவர் வாயிலிருந்து வார்த்தை வராது. மனைவி போய் வெகுகாலம் ஆகிறது. தங்கை ஒத்தீலியாவோடு இருந்தார்.

வேவா இந்த வித்தையைக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடச் சமையலறையில். இருபத்தேழு வருடம் கரண்டி பிடித்தவள். சோற்றுக்குத் தட்டை நீட்டும் கையைப் பார்த்தே, இந்தப் பிள்ளைக்கு வீட்டில் அடி விழுந்திருக்கிறது, இதற்குக் காய்ச்சல் வரப்போகிறது என்று சொல்லிவிடுவாள். முக்கால்வாசி சரியாகவே இருக்கும். மீதிக் கால்வாசியை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஊர் எப்போதும் பலித்ததை மட்டும்தான் எண்ணும். "வேவாவுக்குத் தெரியும்" என்பது தீவில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. அவளும் அதை நம்பிவிட்டாள். நம்பாமல் இருக்க அவளென்ன தேவதையா?

படித்தவர்கள் இதையும் ஒரு கேள்வியாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது அந்த உளவியல் மாணவி வந்தபோதுதான் தெரிந்தது. டயாலிசிஸ் நோயாளிகள் மன அழுத்தத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஆராய்ச்சி. டயாலிசிஸ் நடக்கும்போதே கையில் காகிதக் கட்டோடு நாற்காலி நாற்காலியாக வந்தாள். எதைக் கேட்டாலும் மூன்றே பதில்கள்: எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை.

"மற்றவர்கள் சொல்லாமலேயே அவர்கள் மனதில் இருப்பதை அறிந்துகொள்கிறேன்" என்று வேவாவிடம் படித்தாள்.

அடுத்த நாற்காலியிலிருந்து மிக்தாலியா கத்தினாள். "எப்போதும்னு போடு தங்கச்சி! என் மனசுல இருக்கிறது எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி எங்க வேவா அத்தைக்குத் தெரிஞ்சிடும்!"

"அவ சொல்றதையே போட்டுக்கோம்மா" என்றாள் வேவா. பெருமை முகத்தில் வழிந்தது.

அன்செல்மோவிடம் போனாள் அந்தப் பெண். "மனம் தளரும்போது பிறரிடம் உதவி கேட்கிறேன்."

அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார். "மத்தவங்க என்ன எழுதினாங்க?"

"அதச் சொல்லக் கூடாது ஐயா."

"அப்ப ஒருபோதும் இல்லைன்னு போடு."

"கேட்டா அவன் வாய் தேஞ்சு போயிடும்" என்றாள் வேவா. எல்லா நாற்காலிகளும் சிரித்தன. அன்செல்மோவும் சிரித்தார்.

அந்த வருடம் அவருக்கு நல்ல வருடம் இல்லை. சர்க்கரை ஏற்கனவே வலது காலில் பாதத்தை வாங்கிவிட்டது. சிரிப்பு அடங்கிய மூன்றாம் மாதம், இடது பாதத்தையும் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பட்ட காலிலே படும் என்பது அவர் விஷயத்தில் வெறும் பழமொழியாக இருக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. திரும்பும் வேனில் எல்லாரும் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். வேவாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்செல்மோ ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"வேவா, திங்கக்கிழம எனக்குப் போன் பண்ணாத."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அப்படித்தான் அவள் நினைத்தாள்.

"என்னய்யா சொல்ற?"

"போதும். ரெண்டு காலும் இல்லாம என்னத் தூக்கி ப்ளேன்ல வைக்கணும், தூக்கி எறக்கணும். மூட்டை மாதிரி. நான் கட்டின மூட்டையே நான் ஆகணுமா?"

"ஒத்தீலியாவுக்குத் தெரியுமா?"

"நீ சொல்லாத. நர்ஸுகிட்டயும் சொல்லாத. நீ கூப்பிட்டா நான் வந்துடுவேன். அதான் கூப்பிடாதங்கறேன்."

வேவா அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, உதடு நடுங்கவில்லை, கை மடியில் அமைதியாகக் கிடந்தது. தீர்மானித்துவிட்ட மனிதனின் முகம் என்று படித்தாள். இத்தனை வருடம் எத்தனை பேரைத் திட்டி, கெஞ்சி, கதை சொல்லி இழுத்து வந்திருக்கிறாள். ஒரு மனிதன் வாய் திறந்து கேட்டதே இது ஒன்றுதான். அதையும் மறுத்தால் அவனை மதித்ததாகுமா?

"சரி" என்றாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு தடவை போனைக் கையில் எடுத்தாள். ஞாயிறு பூசையில் பாதிரியாரிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். பாதிரியார் ஒத்தீலியாவிடம் சொல்லிவிடுவார். வார்த்தை கொடுத்தாயிற்று. கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுவதுதான் அன்பு என்று தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டாள். நூறு தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே, ஏன் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை நாலரைக்கு ஆறு வீடுகளுக்குப் போன் போனது.

விமானத் திடலில் பைலட் ரூபேன் வழக்கம்போல எல்லாரையும் எடை போட்டான். அது கையடக்க விமானம். பளு பார்த்துத்தான் ஆளை உட்கார வைக்க வேண்டும். அன்செல்மோவின் இடம் இறக்கைக்கு நேராக, இரண்டாம் வரிசையில். அது காலியாக இருந்தது.

"அன்செல்மோண்ணன் எங்கக்கா? அஞ்சு நிமிஷம் பாக்கலாமா?"

வேவா கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வேணாம். கெளம்பு."

"போன் பண்ணியா அத்த?" என்றாள் மிக்தாலியா.

"ரூபேன், கெளம்புப்பான்னேன்ல?"

"போன் பண்ணியான்னு கேட்டேன்! எனக்கு வாந்தி வந்தப்பகூட விடாம இழுத்துட்டு வந்த. அவர மட்டும் விட்டுட்டுப் போறதா?"

"அவன் வரல. அவன் இஷ்டம். ஏறு."

வேவா அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. மிக்தாலியா ஏறினாள். ரூபேன் வாத்தியாரை முன்வரிசைக்கு மாற்றி உட்கார வைத்தான். விமானம் ஆறு மணிக்குச் சரியாக அன்செல்மோவின் வீட்டுக் கூரைக்கு மேலாகப் பறந்துபோனது. வேவா கண்ணை மூடிக்கொண்டாள்.

டயாலிசிஸ் நடுவில் நர்ஸ் வந்து சொன்னாள்: "அவர் வீட்டுக்குப் போன் பண்ணேன். வயித்துக்குச் சரியில்லையாம். புதன்கிழமை வர்றேன்னாராம், தங்கச்சிதான் பேசினாங்க." நல்ல சாக்கு, நர்ஸின் வாயை அடைக்க இது போதும் என்று வேவா நினைத்தாள்.

சாயங்காலம் நேராக அவர் வீட்டுக்குப் போனாள். டயாலிசிஸ் முடிந்த நாளில் நாலு எட்டு வைத்தாலே கால் பின்னும். அப்படியும் மேட்டில் ஏறிப் போனாள். ஒத்தீலியா கடைக்குப் போயிருந்தாள். அன்செல்மோ வாசல் நாற்காலியில், முகம் மழித்து, இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். முகம் லேசாக உப்பியிருந்தது. சாவை மரியாதையோடு வரவேற்கக் காத்திருக்கிற மனிதன் என்று அந்தச் சட்டையைப் படித்தாள் வேவா.

"மாம்பழம் சாப்பிடுறியா?" என்றார்.

"என்னக் கொல்லப் பாக்குறியா? அதுல பொட்டாசியம், நம்ம சிறுநீரகத்துக்கு ஆகாது."

"பாதி?"

"கால்."

ஆளுக்குக் கால் பழம் தின்றார்கள். வாத்தியார் முன்வரிசையில் உட்கார்ந்ததும், தானே விமானம் ஓட்டுகிற மாதிரி மிடுக்காகப் பேசியதைச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"காலைல ப்ளேன் சத்தம் கேட்டுச்சு" என்றார்.

"ஆமா. நேரத்துக்குக் கெளம்பிட்டான்."

புதன்கிழமை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்க வேவாவின் நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அது அவரை நெருக்குவதாகும், அமைதியாக இருக்கிற மனசைக் கலைப்பதாகும் என்று விழுங்கிவிட்டாள். போகும்போது அவர் தோளில் கை வைத்து அழுத்தினாள். அவர் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துச் சற்று நேரம் எடுக்காமல் இருந்தார். விடை கொடுக்கிறார் என்று நினைத்து, வழியெல்லாம் அழுதுகொண்டே இறங்கினாள்.

டயாலிசிஸ் நின்றுபோனால் தாங்குவது பத்து நாள் என்பார்கள் டாக்டர்கள், இரண்டு வாரம் என்பார்கள். அன்செல்மோவின் இதயம் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. செவ்வாய் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை அடக்கம். புதன்கிழமை வைத்தால் விமானத்தில் போகும் ஏழு பேரும் வர முடியாது என்று ஒத்தீலியாவே தள்ளி வைத்திருந்தாள். டயாலிசிஸ்காரர்களுக்குத் துக்கம் கொண்டாடக்கூடச் செவ்வாயும் வியாழனும்தான். மிக்தாலியா வேவாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லறையில் மண் போட்டுவிட்டுத் தனியாக நடந்துபோனாள்.

ஒன்பது நாள் செபமாலையின் முதல் நாள் அன்று மாலையே வீட்டில் ஆரம்பித்தது. எல்லாரும் கலைந்த பிறகு வேவா சமையலறைக்குப் போனாள். ஒத்தீலியா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒத்தீலியா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். திங்கக்கிழம நான் அவனக் கூப்பிடல. மறந்து போயி இல்ல. அவன்தான் கூப்பிடாதன்னான்."

"தெரியும். ஞாயித்துக்கிழம எங்கிட்டயும் சொன்னான்."

வேவாவுக்கு மூச்சு வந்தது. "நீ தடுக்கலையா?"

"எதத் தடுக்க?" ஒத்தீலியா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "திங்கக்கிழம நாலு மணிக்கே எழுந்துட்டான். சவரம் பண்ணான், அந்த நீலச் சட்டையப் போட்டான். பையில போர்வைய மடிச்சு வச்சு வாசல்ல கொண்டாந்து வச்சான். போன மடியில வச்சுக்கிட்டு உக்காந்தான். போறதுன்னா போகவேண்டியதுதானே, வண்டி கூப்பிடவான்னேன். இரு, வேவா கூப்பிடுவான்னான்."

ஒத்தீலியா கை துடைத்த துணியை மடித்து மேசையில் வைத்தாள்.

"நீதானடா அவளக் கூப்பிடாதன்னன்னு கேட்டேன். 'சொன்னேன்தான். அதுக்காக? வேவாவுக்குத் தெரியும்'னான். ப்ளேன் மேல போற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தான். அப்பறம் நர்ஸு கூப்பிட்டப்ப, புதன்கிழம வர்றேன்னு சொல்லுன்னான். சாயங்காலம் நீ வருவேன்னு சட்டையக்கூடக் கழட்டல."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒத்தீலியா அதைத் திருகி மூடினாள். பிறகு உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாக, மெதுவாகக் கேட்டாள்.

"உனக்குத் தெரியலையா வேவா?"

"தெரியல" என்றாள் வேவா. "எனக்குத் தெரியல, ஒத்தீலியா."