இரண்டு தாளுக்கும் ஒரே விடை

மாமி எனக்கு இரண்டு முட்டை போட்டதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அப்பாவின் அக்கா அவர். மட்டக்களப்பில் எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தார். கிறிஸ்தவப் பிள்ளைகள் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான் என்பதால் சமயப் பாடத்தையும் அவர் தலையிலேயே கட்டியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் மனிதனுக்கும் குரங்குக்கும் ஒரே மூதாதை என்பார். இடைவேளை முடிந்ததும், அதே சேலையோடு வந்து, ஆண்டவர் ஆறாம் நாள் மண்ணைப் பிசைந்து ஆதாமைச் செய்தார் என்பார். எது உண்மை என்று கேட்டேன்.

“அந்தப் பாடத்துக்கு அது, இந்தப் பாடத்துக்கு இது. எழுதிட்டுப் போ புள்ள.”

எனக்குப் பொறுக்கவில்லை. மணியடித்தால் பாடம் மாறுவதுபோல் மாற, உண்மைக்குக்கூடவா நேரசூசி?

தவணைப் பரீட்சையில் இரண்டு தாளிலும் மனிதன் எப்படித் தோன்றினான் என்று கேட்டிருந்தார். இரண்டிலும் ஒரே விடையை எழுதினேன். எங்கள் அப்பா தச்சுவேலைக்காரர். ஒரு அலுமாரிக்கு மரம் காயவே மாதக்கணக்கில் விடுவார். சொந்த மகனைத் தச்சன் வீட்டில் வளரவிட்ட ஆண்டவருக்கு மட்டும் என்ன அவசரம்? ஆறு நாள் என்றால் ஆறு நீண்ட காலம், மீன், குரங்கு என்று செதுக்கிச் செதுக்கித்தான் மனிதனைச் செய்தார் என்று எழுதினேன். பெரிய சண்டையொன்றைத் தீர்த்துவைத்த பெருமை எனக்கு.

இரண்டுக்கும் முட்டை. விஞ்ஞானத் தாளில் ‘இது சமயம்’ என்றும், சமயத் தாளில் ‘இது விஞ்ஞானம்’ என்றும் ஒரே சிவப்புப் பேனை எழுதியிருந்தது. வகுப்பில் முதலாம் இடமும் அதோடு போயிற்று. பரிசு வாங்கப் போட்டுக்கொள்ள அம்மா தைத்து வைத்திருந்த சட்டை அப்படியே கிடந்தது.

அப்பா தாள்களோடு மாமி வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“இதில என்ன பிழை, அக்கா?”

“பிழையெண்டு ஆர் சொன்னது? அரசாங்கத்துப் பெரிய சோதனையில தாள் திருத்துறது நானில்ல தம்பி. விஞ்ஞானத்த ஒராள், சமயத்த வேறொராள். இப்பிடி எழுதிப்போட்டு வந்தா மறுகா ரெண்டு பேரும் வெட்டுவாங்க.”

அப்பா அடங்கிவிட்டார். நான் அடங்கவில்லை. பொய்க்காரி என்று மனதுக்குள் திட்டினேன். கிறிஸ்மஸுக்கு அவர் கொண்டுவந்த லவ்கேக்கைக்கூடத் தொடவில்லை. அது மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

இரண்டு தாளிலும் முட்டைக்குக் கீழே, பென்சிலால் முழுப் புள்ளியும் போட்டு அழித்த தடம் தெரிந்தது. தந்ததைப் பிடுங்கிவிட்டார் என்று அதற்கும் சேர்த்துத்தான் கோபப்பட்டேன். எது உண்மை என்று கேட்க எனக்கு ஒரு மாமியாவது இருந்தார், அதே கேள்வியோடு இருந்த அவருக்கு அப்படி யாருமே இருக்கவில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.