ஒரே பெஞ்சில் வாதியும் பிரதிவாதியும்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தபோது, காஞ்சிபுரம் கோர்ட்டில் முதல் வக்கீல் யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. என் முதலாளிதான். அவர் வாதாட எழுந்தால் வெளியே கட்டியிருக்கும் வண்டிமாடு காதை மடக்கும். இரண்டாவது, எங்களுக்கு எதிர்வீட்டிலேயே ஆபீஸ் வைத்திருந்தவர். குரல் கொஞ்சம் சன்னம். அதைக் கையை வீசிச் சரிக்கட்டுவார். வழக்கில் ஒரு கட்சி எங்களிடம் வந்தால் மறு கட்சி தெருவைத் தாண்டி அங்கே போகும். இருவரும் பேசிக்கொண்டு பல வருடம் ஆகியிருந்தது. கோர்ட்டில் ஒருவரை ஒருவர் 'கற்றறிந்த நண்பர்' என்று சொல்லிக்கொள்வதெல்லாம் கணக்கில் வராது.

கடைசி இடம் ஒருவருக்கு நிரந்தரமாக இருந்தது. அவரும் வக்கீல்தான், ஆனால் ஆபீஸ் இல்லை. கோர்ட்டு வாசல் புளியமரத்தடியில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு, பிரமாணப் பத்திரம் எழுதுவார். ஆள் வராதபோது வாய் திறந்து தூங்குவார். 'மரத்தடியார்' என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

வக்கீல் எந்த இடமோ டைப்பிஸ்டும் அந்த இடம். கேன்டீனில் எனக்குத்தான் முதல் காபி. அந்தப் பெருமையில் தலையை நிமிர்த்தி நடந்து, கோர்ட்டுப் படியில் இரண்டு முறை தடுக்கி விழுந்திருக்கிறேன்.

இந்த வரிசை ஒரு வியாழக்கிழமை கலைந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய வக்கீல் கம்பெனி, பெரிய காஞ்சிபுரத்தில் கிளை திறந்தது. கண்ணாடி மேஜை, டெலிபோன், வாரம் ஒரு நாள் காரில் வந்திறங்கும் கோட்டுப் போட்ட வக்கீல்கள். பட்டுக்கடை முதலாளிகள் மொத்தமாக அங்கே போய்விட்டார்கள். மறுநாளே கேன்டீன்காரர் முதல் காபியை அந்தக் கம்பெனி டைப்பிஸ்டுக்குக் கொடுத்து, என் காபியை இரண்டாவதாக வைத்தார். அழுகையே வந்துவிட்டது.

அதற்கடுத்த வாரம் எதிர்வீட்டு வக்கீல் தெருவைத் தாண்டி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"சண்டையை அப்பால வச்சிக்கலாம்பா. நாமளும் ஒரு கம்பெனியா ஆயிடுவோம்" என்றார்.

என் முதலாளி ஒன்றே ஒன்று கேட்டார்: "பேரு யாருது முன்னால வரும்?"

அதற்கே பதினைந்து நாள் ஆயிற்று. கடைசியில் போர்டு எழுதுபவர் சலித்துப்போய், இரண்டு பெயரையும் ஒரு வட்டமாக எழுதிக் கொடுத்தார். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று யாருக்கும் தெரியாது. வந்தவர்கள் கழுத்தை வளைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள்.

எதிர்வீட்டு மேஜை எங்கள் கூடத்துக்கு வந்தது. அந்த மேஜையோடு அவருடைய வழக்குக் கட்டுகளும் வந்தன. அதில்தான் வினை இருந்தது என்பது இரண்டு மூளைக்காரர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலையில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து தேங்காய் விழுந்து, ஓடு உடைந்து, தறியில் பாதி நெய்திருந்த சேலையின் பாவு நூல் அறுந்துபோயிற்று. மரத்தை வெட்ட உத்தரவு கேட்டு அவர் போட்ட வழக்கு எங்களுடையது. ஐந்து நிமிடத்தில் மரத்துக்காரரும் வந்து அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். அவர் எதிர்வீட்டு வக்கீலின் கட்சிக்காரர்.

"நீ இன்னாத்துக்கு இங்க வந்துக்கினு இருக்கிற?" என்றார் நெசவாளர்.

"என் வக்கீல பாக்க வந்தேன். நீ?"

"நானும் என் வக்கீலத்தான்."

உள்ளே இருவரின் வக்கீல்களும் ஒரே தட்டிலிருந்து பக்கோடா எடுத்துக்கொண்டிருந்தார்கள். நெசவாளர் என்னிடம் குனிந்து, "இன்னாம்மா, ரெண்டு பேரும் ஒண்ணா துண்றாங்களே, என் கேசு இன்னா ஆவுறது?" என்றார். அவருக்கும் ஒரு பக்கோடா கொடுத்தேன்.

அவருடைய மனுவையும், 'தேங்காயை எறிந்தது குரங்கு' என்ற மரத்துக்காரர் பதிலையும் நானே அடித்தேன், ஒரே மெஷினில். அந்த மெஷினில் 'ஈ' எழுத்து மட்டும் வரியைவிட்டு மேலே குதிக்கும்.

கோர்ட்டில் முன்சீப் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு பக்கமும் ஈ குதிக்குதே. ரெண்டு பேரும் ஒரே ஆபீஸா?"

"ஆமாம், கனம் நீதிபதி அவர்களே" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இரண்டு பேரும் விலக வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். நெசவாளர், இனி எந்த வக்கீலையும் நம்பப்போவதில்லை, தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். மரத்துக்காரர் வெளியே ஓடி, தூங்கிக்கொண்டிருந்த மரத்தடியாரை எழுப்பிக் கூட்டிவந்தார். முடியில் புளிய இலையோடு வந்தவர், வழக்குக் கட்டை ஒருமுறை புரட்டிவிட்டு நெசவாளரிடம் கேட்டார்:

"அந்தத் தேங்கா இப்ப எங்க இருக்குது?"

"சட்னி அரைச்சிட்டோங்க."

"எப்படி இருந்திச்சி?"

"நல்லாத்தாங்க இருந்திச்சி."

முன்சீப் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மரம் தப்பியது, அடியில் வலை கட்டச் சொல்லி உத்தரவானது.

அந்தச் சட்னிக் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. எங்கள் கட்டுகளில் பாதிக்கு மேல் இரண்டு கட்சியும் எங்களிடமே இருந்தவை; வெளியேறிய கட்சிக்காரர்களுக்குப் போக இடம் வேண்டுமே. மெட்ராஸ் கம்பெனி தேங்காய் வழக்கெல்லாம் தொடாது. எல்லோரும் புளியமரத்தடிக்குப் போனார்கள். வரிசை ஐயம்பேட்டை வண்டிகள் நிற்கும் இடம் வரை நீண்டது. மூன்று மாதத்தில் மரத்தடியார் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடியில் அறை எடுத்தார். டைப்பிஸ்ட் தேடி என்னிடமே வந்தார்.

முதலாளியிடம் சொல்ல இரண்டு நாள் தயங்கினேன்.

"நீயுமாம்மா?" என்றார்.

"அங்க ஃபேன் இருக்குது சார்" என்றேன். வேறு நல்ல காரணம் அப்போது வாயில் வரவில்லை. அவர் கோபப்படவில்லை. "ஃபேன்னா சரி" என்றார். அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அந்தத் தீபாவளிக்குள் அவர்கள் கம்பெனி கலைந்தது. மேஜை மறுபடி தெருவைத் தாண்டிப் போயிற்று. பொங்கலுக்குப் பிறகு ஒரு வரப்புத் தகராறில் இருவரும் கோர்ட்டில் எதிரெதிராக நின்றார்கள். சத்தம் கேட்டு நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். என் பழைய முதலாளி மேஜையைக் குத்தினார். மற்றவர் வீசிய கை பட்டு மைக்கூடு கவிழ்ந்தது. இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.