டவுன் பஸ்ஸில் நடந்த எச்.ஐ.வி. வகுப்பு

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது என்னையும் என் தோழியையும் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக் குழுவில் சேர்த்தார்கள். பயிற்சி கொடுத்து, முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு நீங்களே வகுப்பு எடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மற்றதெல்லாம் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். 'ஆணுறை' என்ற சொல்தான் வாயில் வரவில்லை. சொல்ல வாயெடுத்தாலே சிரிப்பு முந்திக்கொள்ளும்.

வகுப்பு எடுக்கவேண்டிய அன்று காலை அறந்தாங்கியில் டவுன் பஸ் ஏறினோம். டிரைவர் பாட்டை அலறவிட்டிருந்தார். "இந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போகுது, சொல்லிப் பழகு" என்றாள் தோழி. மெல்லச் சொன்னேன்.

"கேக்கலடி."

கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"இன்னும் கேக்கல."

மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினேன். அந்த நொடி பார்த்துப் பாட்டு முடிந்துபோனது.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். தோழி என் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். எனக்கும் சிரிப்பை அடக்கமாட்டாமல் கண்ணில் நீரே வந்துவிட்டது.

மடியில் கீரைக்கட்டோடு முன்சீட்டில் இருந்த ஓர் அக்கா திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"என்ன பாப்பா, பாடமா?"

"ஆமாக்கா. காலேஜ்ல எச்.ஐ.வி. பத்தி கிளாஸ் எடுக்கப் போறோம்" என்றாள் தோழி, ஒருவழியாக.

"அப்ப இங்கிட்டே எடுங்க. கொசு கடிச்சா அது வருமா?"

"வராதுக்கா."

"ஒரே தட்டுல சாப்ட்டா?"

"அதுலயும் வராது."

சுற்றியிருந்த பெண்களும் கேட்க ஆரம்பித்தார்கள். பதில் சொல்லும் மும்முரத்தில் அந்தச் சொல்லை நானே பலமுறை சாதாரணமாகச் சொல்லியிருந்தேன்.

பிறகு அக்கா குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுக்காரர் சவுதிலேருந்து அடுத்த மாசம் வாராரு. டெஸ்ட் எடுங்கன்னு எப்படிச் சொல்றது? சந்தேகப்படுறேன்னு நெனச்சுட்டார்னா?"

பயிற்சியில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. "அவரை மட்டும் போகச் சொல்லாதீங்கக்கா. ரெண்டு பேருமே எடுத்துக்கலாம்னு கூட்டிட்டுப் போங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில இலவசந்தான், வெளிய சொல்லமாட்டாங்க" என்றேன்.

அக்கா யோசித்தார். "இது நல்லாருக்கு. ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லக்கா."

"ஆகாமலே இம்புட்டு வெவரமா?" என்றார் சத்தமாக.

கண்டக்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் இறங்கி ஓடினோம்.

வகுப்பில் நுழைந்ததும் கரும்பலகையில் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதினேன். முதல் பெஞ்சில் கிளம்பிய சிரிப்பு கடைசி பெஞ்சு வரை போனது. "சிரிச்சு முடிங்க, வெயிட் பண்றோம்" என்றாள் தோழி. மணி அடித்த பிறகும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.