விதி சொல்லாமல் எடுத்த ஒன்று

உங்கள் அம்மா என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று யாராவது கேட்டால் நீங்கள் இரண்டு பேரும் முழிக்கிறீர்கள். நான் படித்தது ஐ.டி.ஐ. ஃபிட்டர். எனக்கு எட்டின வரைக்கும் எழுதுகிறேன். தப்பிருந்தால் அவளையே கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

அம்மா எனக்கு மாமன் மகள். திருப்பாச்சூரிலிருந்து கல்யாணமாகி மீஞ்சூருக்கு வரும்போதே கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். பிறகு சென்னையில் கௌரவ விரிவுரையாளர் வேலை, கூடவே கணக் கோட்பாட்டில் ஆராய்ச்சி. கணம் என்றால் கூட்டம். முடிவே இல்லாத கூட்டங்களைப் பற்றிய படிப்பு அது.

காலையில் அவள் சென்னை ரயிலுக்கு நிற்பாள், நான் எதிர் பிளாட்பாரத்தில், மில் வேலைக்குப் போக, கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு. கையில் புத்தகம்கூட இல்லாமல் தூணில் சாய்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். அதுதான் வேலை என்று எனக்குப் புரியவே வருஷங்கள் ஆயின. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இன்னும் புரியவில்லை.

"இன்னா தம்பி, உன் ஊட்டுக்காரி இன்னும் கணக்கு போட்டுக்கினேதான் கீறாளா?"

"ஆமாக்கா."

"போன்லயே கால்குலேட்டர் கீதே, யாரும் சொல்லலியா?"

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மில்லில் முடிவே இல்லாமல் பெட்டிகள் அடுக்கியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு போல்ட்டு, ஒரு நட்டு. "எல்லாத்துலயும் போல்ட்டை எடு" என்று ஒரு உத்தரவு போட்டால் போதும். ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் அச்சு அசலாக இரண்டு நட்டுகள் இருந்தால்? எதை எடுப்பது என்று பெட்டிக்குப் பெட்டி நின்று கைகாட்ட வேண்டும். காட்டி முடியாது. "காட்டியாச்சு என்று வைத்துக்கொள்வோம்" என்று கணக்குக்காரர்கள் தங்களுக்கே ஒரு அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அனுமதி இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் அம்மாவின் ஆராய்ச்சி.

அந்த அனுமதி இல்லாமலே ஒரு முடிவை நிரூபித்து வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினாள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அது அச்சானால் நிரந்தர வேலை தருவதாக ஒரு கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். வருஷா வருஷம் வேலை நீட்டிப்பு ஆர்டர் வருமா வராதா என்று காத்துக்கிடக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒருநாள் சாயங்காலம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தோளில் பையோடு வந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, தப்பு."

"இன்னாம்மே தப்பு?"

"நடுவுல ஒரு எடத்துல ஒவ்வொண்ணுலேர்ந்தும் ஒண்ணு எடுத்துக்கினு போய்ட்டேன். எதை எடுக்கறதுன்னு விதியே சொல்லல. அந்த அனுமதி வேணாம்னு மேல தலைப்பு போட்டுட்டு, உள்ள அதையே வெச்சிக்கீறேன்."

"அவங்கதான் சரின்னு சொல்ட்டாங்களே?"

"அவங்களும் பாக்கல. எல்லாருக்கும் கைப்பழக்கம் மாமா, தானா எடுத்துடும். நான் பாத்துட்டேன் இல்ல?"

கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று பத்திரிகைக்கு எழுதினாள். அந்த மழைக்காலம் முழுக்க அதைச் சரிசெய்யப் பார்த்தாள். உங்களுக்கு மாற்றி மாற்றிக் காய்ச்சல். எனக்கு வாராவாரம் ஷிப்டு மாறும். சோறு குழைந்தாலும் அப்படியே சாப்பிட்டோம். ஒரு இடத்தில் அடைத்தால் இன்னொரு இடத்தில் ஒழுகுகிற பழைய பைப்பு மாதிரி, எந்த வழியில் போனாலும் கடைசியில் அந்த அனுமதி வந்து நின்றது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் போனில் சொன்னதை நானும் கேட்டேன்.

"அந்த அனுமதியோட எழுதினா நிக்கும்மா. ஆனா அது பழைய முடிவு. எல்லாருக்கும் தெரிஞ்சது."

அந்த வாரமே கட்டுரையை வாபஸ் வாங்கினாள். கல்லூரிக்கும் அவளே போன் போட்டுச் சொன்னாள்.

"வேற கணக்கு எதுனா பாரேம்மே," என்றேன்.

"நீ வேற மில்லு பாரேன் மாமா," என்று சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வேலை வேறு யாருக்கோ போனது. அம்மா இன்னமும் கௌரவ விரிவுரையாளர்தான். இப்போது, அந்த அனுமதி இல்லாமல் அந்த முடிவு வரவே வராது என்று நிரூபிக்கப் பார்க்கிறாள்.

"வராதுன்னு எப்டிம்மே காட்டுவ?" என்று கேட்டேன்.

"அனுமதியும் இல்லாம, அந்த முடிவும் இல்லாம ஒரு கணக்கு உலகம் கட்டணும் மாமா. மத்த விதியெல்லாம் அதுல நிக்கணும்."

எத்தனை நாளாகும் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் உட்கார்ந்தபடியே கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாளா, கட்ட ஆரம்பித்துவிட்டாளா என்று தெரியவில்லை. மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினேன்.