மூச்சைப் பிடிக்காதீங்க மச்சான்

கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் அண்ணனுக்குப் பெரிய ஆசை. கிளப்பிவிட்டவன் நான்தான். பெங்களூர் ஆபீஸ் நண்பர்களோடு, காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலில் மூழ்கும் ஸ்கூபா கற்றுக்கொண்டு, வருடா வருடம் முருடேஸ்வர் கடல் பக்கம் போய்வந்து, தங்கச் சுரங்க ஊரான மைசூர் மைன்ஸில் அவர் வீட்டில் உட்கார்ந்து கதை அளப்பேன். மைன்ஸ் மூடுகிறவரை அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர் மச்சான். அதற்கப்புறம் விடியற்காலை ரயிலேறி பெங்களூரில் செக்யூரிட்டி வேலை. லீவு போட்டு எங்கேயும் போனதில்லை.

"பூமிக்குள்ள பாத்தாச்சு. தண்ணிக்குள்ள இன்னா கீதுன்னு பாக்கலாமே மாப்ள" என்றார். கூட்டிப்போனேன்.

நீச்சல், பேத்தமங்களா ஏரியில் பழகியது. இருட்டு, ஆழம் எதற்கும் பயம் கிடையாது. வம்பு வேறு இடத்தில் இருந்தது. ஸ்கூபாவில் முதல் விதி, மூச்சைப் பிடிக்கக் கூடாது. மேலே வர வர நுரையீரலில் இருக்கிற காற்று விரியும். அடக்கி வைத்தால் கிழித்துவிடும். மச்சானுக்கோ திடுக்கென்று ஏதாவது ஆனால் மூச்சு தானாக நின்றுவிடும். மைன்ஸில் வெடிப் புகை நிற்கிற இடத்தை அப்படித்தான் தாண்டிப் பழகியிருந்தார். நீச்சல் குளத்தில் வைத்துத் திரும்பத் திரும்பச் சொன்னேன். சரியாகிவிட்டது என்றுதான் நம்பினேன்.

முதல் டைவ் ஆழமில்லாத இடத்தில். வெறும் மணலும் பாறையும். நான்தான் அவருக்குத் துணை. பாதியில் அவர் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. குமிழி வருவது நின்றது. அப்படியே மேலே கிளம்பிவிட்டார். பாய்ந்து போய் ஜாக்கெட்டைப் பிடித்து நிறுத்தி, நெஞ்சில் தட்டினேன். என்னைப் பார்த்தார், மூச்சை விட்டார். மெதுவாக மேலே வந்தோம்.

படகில் ஏறியதும் என் காதருகே வந்தார். "சொல்லிடாதீங்க மாப்ள. அடுத்த தபா பாத்துக்கறேன்."

எங்களோடு வந்திருந்த பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியுமா? ஒன்று கிடக்க ஒன்று ஆனால் மச்சானின் தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பேன்? மச்சானுக்கு இரண்டாவது டைவ் கிடையாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். பவளப்பாறையும் மீனும் அந்த இரண்டாவது டைவில்தான். மச்சான் என் முதுகில் சிலிண்டரைத் தூக்கி மாட்டிவிட்டார். "நீங்க போங்க" என்றார்.

போனேன். சொன்னதற்கு இன்றுவரை நான் வருந்தியதில்லை. போனதற்குத்தான் வருந்துகிறேன். படகில் அவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது?

கீழே ஒரு பெரிய ஆமை. நான் பக்கத்தில் போயும் அசையாமல் பாறையில் படுத்திருந்தது. மேலே வந்ததும் புத்திகெட்டுப்போய் அதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மச்சான் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கீழ அது எப்டி மாப்ள மூச்சு விடும்?"

"விடாது மச்சான். மேல வந்துதான் விடும். கீழ இருக்கறவரைக்கும் புடிச்சிக்கினு இருக்கும்."

சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மச்சான் சிரித்தார்.

"அப்ப அது மைன்ஸ்ல வேல செஞ்சிருக்கும்."

படகில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். கரை வரும்வரை திரும்பவில்லை.

இந்த வருடமும் கூப்பிட்டுப் பார்த்தேன். இன்னும் நன்றாகப் பழகிக்கொண்டு போகலாம், நானே கூட இருக்கிறேன் என்றேன். "நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க மாப்ள, அது போதும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நான் போகவில்லை. போய்வந்து அவரிடம் எந்த வாயால் சொல்வது?